காலிம்னோஸ் தீவின் ஊன்றுகோல்கள்

கேள்வி: நான் வணிகக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை செய்பவன். சென்ற ஆண்டு விடுமுறையில் கிரேக்க நாட்டின் காலிம்னோஸ் தீவுக்குப் போயிருந்தேன். கடற்பஞ்சு எடுப்பதுதான் அந்தத் தீவின் பழைய தொழில். அங்கே ஒரு விழாவில், இளைஞன் ஒருவன் தடியை ஊன்றிக்கொண்டு, கால்கள் வெடவெடக்க, வரிசையோடு சேர்ந்து ஆட முடியாமல் ஆடும் நடனம் ஒன்றைப் பார்த்தேன். கடலில் கால் இழந்த சுழியோடியைக் காட்டும் ஆட்டம் அது என்றார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய காலத்தில் யாருக்கும் இப்படி ஆகவில்லையாம். குழாய் வழியே வளி அனுப்பும் இயந்திரம் வந்த பிறகுதான் ஊரில் முடவர்கள் பெருகினார்களாம். சுவாசிக்க வளி கிடைத்த பிறகு ஆபத்துக் கூடியது எப்படி? என் தம்பி மன்னார்ப் பக்கம் சிலிண்டர் போட்டுக் கடலட்டைக்கு இறங்குகிறான். பதினெட்டு, இருபது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) போகிறான். நாளுக்கு நான்கு சிலிண்டர் முடிக்கிறான். கேட்டால், "எனக்குப் பழகிவிட்டது" என்கிறான். ஒரு மாதமாக வலது தோள் வலிக்கிறதாம். தண்ணீருக்குள் போனால் வலி போய்விடுகிறது என்று மறுபடியும் இறங்குகிறானாம். அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி இப்போதைக்குக் கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் வலி போய்விடுகிறது என்று அவர் சொல்வது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். சுழியோடிகளைப் பார்க்கும் வைத்தியர் எவருக்கும் அந்தக் கடிதத்தில் மிகவும் கவலை தரும் வரி அதுதான். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, நீங்கள் காலிம்னோஸில் கேட்ட கேள்வி வழியாகவே போவோம். அந்தத் தீவின் கதை வேறு, உங்கள் தம்பியின் கதை வேறு அல்ல.

பழைய கிரேக்கச் சுழியோடி, பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள தட்டையான பளிங்குக் கல்லை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு தலைகீழாக இறங்குவார். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் கல்லைக் கொண்டுதான் இறங்கினார்கள் என்பதால் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முப்பது மீற்றர் என்பது அவர்களுக்கு வழக்கமான ஆழம். 1913-இல் சிமி தீவைச் சேர்ந்த ஸ்தாத்திஸ் ஹாட்ஸிஸ் என்பவர், கார்பதோஸ் தீவருகே இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று தொலைத்த நங்கூரத்தைத் தேடி இவ்வாறே எழுபது மீற்றருக்கும் கீழே போய் வந்தார். ஆனால் இவர்கள் எல்லோரும் கடலுக்குள் கொண்டுபோனது ஒரே ஒரு மூச்சு. நுரையீரலில் இருக்கும் ஐந்தாறு லீற்றர் வளியிலிருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில், இரத்தத்தில் கரையக்கூடிய நைதரசனின் அளவு மிகச் சிறியது. அந்த மூச்சு தீர்வதற்குள் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயமே அவர்களுக்குக் காவலாகவும் இருந்தது. (மூச்சடக்கி இறங்குவது முற்றிலும் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். தென் பசிபிக்கின் துவாமோட்டுத் தீவுகளில், நாள் முழுவதும் இடைவெளி இல்லாமல் மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுத்தவர்களுக்கு இதே வகை வாதம் வந்திருக்கிறது. அங்கே அதற்குத் 'தாரவானா' என்று பெயர்.)

1860-களில் சிமி தீவுக்குச் செம்புத் தலைக்கவசமும், றப்பர் பூசிய உடையும், படகிலிருந்து வளி அடிக்கும் பம்பும் வந்து சேர்ந்தன. மூச்சு என்ற காவல் நீங்கியது. ஒரு மனிதர் நாற்பது மீற்றரில் ஒரு மணி நேரம் நடந்து திரிந்து பஞ்சு அறுக்கலாம் என்றாயிற்று. கிடைத்த பஞ்சின் அளவைப் பார்த்து வணிகர்கள் பித்துப் பிடித்தவர்கள் போல ஆனார்கள். ஆனால் 1867-ஆம் ஆண்டுக் கணக்கொன்றில், அந்த உடையை அணிந்து வேலை செய்த 24 பேரில் 10 பேர் இறந்துபோனார்கள். முதலாம் உலகப் போருக்கு முந்திய அரை நூற்றாண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்து இருபதாயிரம் பேர் முடமானார்கள் என்றொரு மதிப்பீடும் பல இடங்களில் காணப்படுகிறது. பெரிய எண்கள் மனத்தை மரக்கச் செய்பவை. எனக்கு அந்த 24-இல் 10 என்ற சிறிய கணக்கே போதும். ஒரு படகில் ஏறியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் திரும்பாத நிலை அது.

காரணம் இதுதான். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. மேலே ஒன்று, நாற்பது மீற்றரில் ஐந்து, அறுபதில் ஏழு. பம்பிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ வரும் வளி, சுழியோடி நிற்கும் ஆழத்தின் அமுக்கத்திலேயே நுரையீரலுக்குள் போகிறது; இல்லையென்றால் அவரால் நெஞ்சை விரிக்கவே முடியாது. ஆகவே நாற்பது மீற்றரில் அவர் எடுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தரையில் எடுக்கும் மூச்சைப் போல ஐந்து மடங்கு நைதரசன் இருக்கிறது. மூச்சடக்கியவரைப் போல ஒரு மூச்சோடு நிற்காமல், நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை அது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. உடல் நைதரசனை எரிப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை, கரைத்து வைத்துக்கொள்கிறது. இரத்தமும் மூளையும் மெல்லிய வேட்டியைப் போலச் சீக்கிரம் நனைந்து சீக்கிரம் காய்பவை. கொழுப்பு, மூட்டுகள், என்பின் உள்ளே இருக்கும் மச்சை ஆகியவை சணல் சாக்கைப் போன்றவை. நனையவும் நேரமாகும், காயவும் பல மணி நேரமாகும். மெதுவாக ஏறினால் இந்த நைதரசன் இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கு வந்து வெளியே போய்விடும். வேகமாக ஏறினால், போக வழியும் நேரமும் இல்லாமல், இருந்த இடத்திலேயே குமிழிகளாகிவிடும். குமிழி மூட்டில் தோன்றினால் வலி; முள்ளந்தண்டு நரம்பில் தோன்றினால் இடுப்புக்குக் கீழே எதுவும் தன் வசத்தில் இல்லை. நீங்கள் பார்த்த 'மிஹானிகோஸ்' நடனத்தின் நடுக்கம் இந்த முள்ளந்தண்டுப் பாதிப்பின் நடுக்கமே. அந்தச் சொல்லுக்கு இயந்திரக்காரன் என்று பொருள். இயந்திரத்தின் வளியில் இறங்கியவரை அப்படி அழைத்தார்கள். எதிர்க்கரையிலுள்ள துருக்கியச் சுழியோடிகள் இந்த நோயை 'வுர்குன்' என்கிறார்கள்: அடிபட்டவன் என்பதுபோல.

இந்த நோயின் வஞ்சகம், அது ஆழத்தில் தாக்குவதில்லை என்பது. சுழியோடி நன்றாக வேலை செய்து, உடைக்குள் வளியை நிரப்பிப் பந்துபோலச் சட்டென்று மேலே வந்து, படகில் ஏறித் தலைக்கவசத்தைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். அரை மணி, ஒரு மணி, சில வேளைகளில் ஐந்தாறு மணி கழித்துத்தான் கால் மரக்கத் தொடங்கும். கண்ணுக்கு முன்னே பாம்பு கடித்தது போன்ற தெளிவான காரணம் இல்லாததால், குளிர் பிடித்தது, நேற்றைய சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பாரம் தூக்கியதில் சதை பிடித்துக்கொண்டது என்று எதை வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது. 1870-களின் தொடக்கத்தில் அல்போன்ஸ் கால் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஈஜியன் கடலுக்குப் போய், தாமே உடை அணிந்து இறங்கி, இவர்களைக் கூர்ந்து பார்த்து எழுதினார். 1878-இல் போல் பேர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், குமிழிகள் நைதரசனுடையவை என்று நிறுவினார். 1908-இல் பிரித்தானிய உடலியல் அறிஞர் ஹால்டேனும் அவருடைய தோழர்களும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் ஏறும்போது எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டார்கள். ஆகவே அறியாமையால் நேர்ந்தது என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் பஞ்சுப் படகுகளில் பல பத்தாண்டுகள் அந்த அட்டவணைக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் தம்பியோடு நேரடியாகத் தொடர்புள்ளது. வசந்த காலத்தில் படகுகள் வட ஆபிரிக்கக் கரையை நோக்கிப் புறப்படும் முன், ஒவ்வொரு சுழியோடிக்கும் 'பிளாத்திகா' என்ற முன்பணம் கொடுக்கப்பட்டது. பழைய கடனைத் தீர்க்கவும், ஆறேழு மாதம் வீட்டில் அடுப்பு எரியவும் அதுவே வழி. இலையுதிர் காலத்தில் திரும்பும்போது அந்தத் தொகைக்கு ஈடான பஞ்சு அவர் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே கடனோடு இறங்க வேண்டும். இந்தக் கணக்கில், ஏறும் வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் சும்மா நிற்பது என்பது அடுத்த ஆள் இறங்க வேண்டிய இருபது நிமிடம். வேலை ஒன்றும் நடக்காமல் நிற்கும் அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லை. கரைக்கருகே பஞ்சு குறையக் குறைய ஆழமும் கூடிக்கொண்டே போய், அறுபது எழுபது மீற்றர் வரை சாதாரண வளியோடு இறங்கினார்கள். இன்று எண்ணெய் எடுக்கும் கடல் தளங்களில், படகின் மேல்தட்டிலேயே அமுக்க அறையும் (ஏறி வந்தவரை மறுபடி அமுக்கத்தில் வைத்து மெல்ல வெளியே கொண்டுவரும் அறை) பயிற்சி பெற்ற குழுவும் இருக்கும்போதுகூட, ஐம்பது மீற்றருக்குக் கீழே வளியைக் கொடுப்பதில்லை. ஹீலியம் கலந்த வாயுவுக்கு மாறிவிடுகிறார்கள். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை நாற்பது மீற்றர்.

இனி, "பழகிவிட்டது" என்ற பேச்சுக்கு வருகிறேன். முப்பது மீற்றரைத் தாண்டும்போது நைதரசன் மூளையில் மதுவைப் போல வேலை செய்யத் தொடங்குகிறது. 1935-இல் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் ஆல்பர்ட் பென்கேயும் அவரோடு ஆய்வு செய்தவர்களும்தான் இதற்கு நைதரசனே காரணம் என்று சுட்டிக்காட்டினார்கள். 1900-இல் சிமித் தீவுச் சுழியோடி எலியாஸ் ஸ்தாதியாத்திஸ், அன்டிகிதெரா என்ற தீவருகே ஏறத்தாழ நாற்பத்தைந்து மீற்றர் ஆழத்திலிருந்து அலறிக்கொண்டு மேலே வந்து, கடலடியில் மனிதப் பிணங்களும் குதிரைகளும் குவிந்து கிடக்கின்றன என்று சொன்னாராம். மயக்கத்தில் பிதற்றுகிறார் என்றே மற்றவர்கள் எண்ணினார்களாம். படகுத் தலைவர் கொந்தோஸ் தாமே இறங்கி ஒரு வெண்கலக் கையோடு திரும்பினார்; கீழே கிடந்தவை இரண்டாயிரம் ஆண்டு பழைய கப்பலின் சிலைகள். அந்தத் தடவை மயக்கம் இல்லை என்றாலும், அந்த ஆழத்திலிருந்து வருபவர் சொல்வதை உடனே நம்பக் கூடாது என்பது படகில் இருந்தவர்களுக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகத் தோன்றுகிறது. அந்தக் கப்பலிலிருந்து சிலைகளை எடுத்து முடிப்பதற்குள் ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள்.

பழக்கம் என்பது இந்த மயக்கத்தின் உணர்வை மட்டுமே குறைக்கிறது, மயக்கத்தைக் குறைப்பதில்லை. தினமும் குடிப்பவருக்குத் தள்ளாட்டம் தெரிவதில்லை, ஆனால் வண்டியை நிறுத்த எடுக்கும் நேரம் அவருக்கும் கூடியே இருக்கும். பழகிய சுழியோடியும் சிலிண்டர் மானியைப் பார்ப்பார். பார்த்த எண்ணின் பொருள் மனத்தில் பதியாது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி போகும் இருபது பாகம் என்பது ஏறத்தாழ முப்பத்தாறு மீற்றர். அங்கே வளி நாலரை மடங்கு அடர்த்தியானது. நீந்திக்கொண்டும் பொறுக்கிக்கொண்டும் இருப்பவரால் காபனீரொட்சைட்டை முழுவதும் வெளியே ஊதித் தள்ள முடியாது. அது உடலில் தேங்கித் தலைவலியையும் பதற்றத்தையும் தருவதோடு, நைதரசன் மயக்கத்தையும் பெருக்குகிறது. வளியிலுள்ள ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் நிலை அறுபது மீற்றருக்கு அப்பால்தான் நெருங்கும் என்பதால், அதைப் பற்றித் தம்பியிடம் இப்போது பேச வேண்டியதில்லை. ஆனால் சிலிண்டரை நிரப்பும் கொம்பிறசரின் வளி உறிஞ்சும் வாய், எஞ்சின் புகை போகும் பக்கமாக இருக்கிறதா என்பதை நீங்கள் கட்டாயம் கேளுங்கள். எஞ்சின்காரரான உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, தரையில் தலைவலி மட்டும் தரும் அளவில் இருந்தாலும், நாலரை மடங்கு அமுக்கத்தில் ஆளையே கொன்றுவிடக்கூடும்.

நாளுக்கு நான்கு சிலிண்டர் என்பதைப் படித்தபோது, மேலே சொன்ன சணல் சாக்குதான் என் நினைவுக்கு வந்தது. இடையில் நிற்காமல் நேரே ஏறக்கூடிய கால எல்லை பதினெட்டு மீற்றரில் சுமார் ஒரு மணி நேரம். நாற்பது மீற்றரிலோ பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதுவும் அன்றைய முதல் இறக்கத்துக்கு மட்டும். முதல் சிலிண்டரின் நைதரசன் காய்வதற்குள் இரண்டாவது, அது காய்வதற்குள் மூன்றாவது என்று போனால், நான்காவது தடவை அவர் கடலில் குதிக்கும்போதே அந்தச் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. நேற்று இதே வேலையைச் செய்து ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் தராது. ஒரே ஆள், ஒரே ஆழம், ஒரே நேரம் என்றாலும், ஒரு நாள் தப்பித்து மறுநாள் அடிபடுவது இந்த நோயின் இயல்பு.

இப்போது தோள்வலி. தண்ணீருக்குள் போனால் வலி மறைவதற்குக் காரணம், அமுக்கம் கூடும்போது குமிழி சுருங்குவது. சதைப்பிடிப்பு என்றால் ஆழத்துக்குப் போவதால் குறையாது. ஆகவே அவருடைய நிம்மதியே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் சுருங்கிய குமிழிக்குப் பக்கத்தில், அந்த இறக்கத்தில் சுவாசித்த புதிய நைதரசனும் போய்ச் சேர்கிறது. ஏறியதும் பழையதும் புதியதும் சேர்ந்து விரிகின்றன. பழைய கடனை அடைக்க, அதைவிட அதிக வட்டிக்குப் புதுக்கடன் வாங்குவது போன்றது இது. தோளோடு நின்றது அடுத்த தடவை முள்ளந்தண்டில் விழலாம். தண்ணீருக்குள்ளேயே கால் செயலிழந்தால் மேலே வரவும் முடியாது. முறையான சிகிச்சை, அமுக்க அறைக்குள் பதினெட்டு மீற்றருக்குச் சமமான அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து, ஐந்து மணி நேரம் வரை எடுத்து மெல்ல மெல்ல வெளியே கொண்டுவருவது. கடலுக்குள் வெறும் வளியோடு அதைச் செய்யவே முடியாது.

ஒரு மாதம் நீடித்திருப்பதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பல ஆண்டுகள் இப்படி இறங்குபவர்களுக்கு, தோள்மூட்டிலும் இடுப்புமூட்டிலும் என்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் போகாமல் அது உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிறது. துருக்கியின் கடற்பஞ்சுச் சுழியோடிகளைப் பரிசோதித்த ஆய்வொன்றில், பெரும்பாலோரிடம் இந்த என்புச் சேதம் காணப்பட்டது. அவர்களில் பலர் நன்றாக நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். வலி தொடங்குவதற்குள் மூட்டின் மேற்பரப்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். காலிம்னோஸில் ஊன்றுகோலோடு முதுமையைக் கழித்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கால் இழந்தவர்கள் அல்லர். சிலருடைய இடுப்பு மூட்டு இப்படிச் சத்தமில்லாமல் தேய்ந்தது.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது: எலும்பு மூட்டு வைத்தியர் ஒருவரிடம் போய், தாம் சிலிண்டர் போட்டு இறங்குபவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, இரண்டு தோள்களுக்கும் இரண்டு இடுப்புகளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆரம்ப நிலைச் சேதம் எக்ஸ்றேயில் தெரியாது. சொல்லாவிட்டால் வைத்தியர் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். அது வைத்தியரின் குற்றம் ஆகாது. கால் விறைப்பு, உள்ளங்கால் மரப்பு, இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற வலி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர் போக முடியாமை — இவற்றில் ஒன்று வந்தாலும் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீர் விடயத்தைச் சுழியோடிகள் வெட்கத்தால் மறைக்கிறார்கள். நீங்கள் அண்ணன் என்ற உரிமையோடு கேளுங்கள். படகில் யாருக்காவது அப்படி ஆனால், மல்லாக்கப் படுக்க வைத்து, இடையில் எடுக்காமல் ஒட்சிசன் கொடுத்து, சுயநினைவு இருந்தால் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அமுக்க அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சூடு வரட்டும் என்று சாராயம் கொடுப்பதும், உருவிவிடுவதும், மறுபடி கடலில் இறக்குவதும் கூடாது. ஒரு ஒட்சிசன் சிலிண்டர் எப்போதும் படகில் இருக்க வேண்டும். 

பரிசோதனையில் என்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்து, வைத்தியரும் சம்மதித்தால், தொழிலை முற்றாக விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குடும்பத்தின் சோறு அதில் இருக்கிறது. ஆனால் ஆழமான இறக்கம் நாளுக்கு ஒன்றே, அதுவும் முதலாவதாக; நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் வேகமாக ஏறாமல், ஐந்து மீற்றரில் சில நிமிடம் நின்று வருவது; கையில் ஒரு டைவ் கொம்பியூட்டர் கட்டி, அது நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது என்றால்தான். கடந்த முறை கேட்டபோது மணிக்கட்டில் கட்டும் அந்தக் கருவியைத் தம்பிமார் சிலர் வேகமாக ஏறும்போது கத்துகிறது என்று கழற்றி வைத்துவிடுவதாக ஒரு படகோட்டி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பியிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: படகு முதலாளியான சம்மாட்டியிடம் அவர் வாங்கியிருக்கும் முன்பணம் எவ்வளவு? அவர் ஒரு மாதமாக வலியோடு இறங்குவதற்கான காரணம் அந்தத் தொகையில் இருக்கக்கூடும்; அப்படியானால் நான் எழுதிய எதுவும் அவர் காதில் ஏறாது. கப்பல் சம்பளத்தில் உங்களால் அதைத் தீர்த்துவைக்க முடியுமானால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் செலவுக்கும் முன்பாக அதைச் செய்யுங்கள். அறிக்கை வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். தோளின் மேற்பரப்பு தப்பியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.